செய்தியில் வரும் முஹம்மதுகள்

காலையில் செய்தித்தாளை விரித்தால் முஹம்மது என்னும் பெயர் ஏதேனும் ஒரு பக்கத்தில் கண்ணில் படாமல் போவதில்லை. விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முஹம்மது விக்கெட் வீழ்த்தியிருப்பார். வெளிநாட்டுப் பக்கத்தில் ஒரு முஹம்மது ஆட்சிப் பொறுப்பேற்றிருப்பார். உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் ஒரு முஹம்மது திருட்டு வழக்கில் பிடிபட்டிருப்பார். ஒருவர் உரக்கப் படிக்க வீட்டிலுள்ளோர் கேட்டுக்கொண்டிருக்கையில், பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி பிறக்கும்: “வாப்பா, இந்தப் பேருக்கும் ஸலவாத்துச் சொல்லணுமா?” மூன்றாவது செய்தியைக் கேட்டதும் பெரியவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு பிறக்கும்: “இந்தப் பேரை வச்சுக்கிட்டு இவன் இப்படிச் செஞ்சுட்டானே!”

பிள்ளையின் கேள்வியும் பெரியவரின் பெருமூச்சும் நம் முன்னோர்களுக்குப் புதியவை அல்ல. ஒரே பெயரைப் பலர் தாங்கும்போது என்ன செய்வது என்பதை அவர்கள் அலசி ஆராய்ந்து, அதனை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அதை நாம் மறந்துவிட்டதால்தான் செய்தி கேட்கும் முறையிலும் தவறுகிறோம்.

முதலில் பெயர் வைப்பதைப் பற்றி. தம் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ள அனுமதியளித்தவர்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே. கூடவே, ‘அபுல் காஸிம்’ என்ற தமது குன்யத்துப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டாமென்றும் தடுத்தார்கள். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் இருந்தபோது ஒருவர் “அபுல் காஸிமே!” என்று அழைத்தார். நாயகமவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரோ, தாம் அழைத்தது வேறொருவரை என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் அந்தத் தடை பிறந்தது. இந்தத் தடை நாயகத்தின் வாழ்நாளோடு முடிந்ததென்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. எக்காலத்துக்கும் உரியதென்பது நம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. அதன் விரிவு இங்கு வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரே பெயரால் ஆள் மயக்கம் ஏற்படும் என்பதை மார்க்கம் ஒரு சிறிய கடைத்தெரு நிகழ்ச்சியிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வளைகுடா நாடுகளில் பணியாற்றும் சகோதரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நம் பக்கத்தில் முஹம்மது இஸ்மாயீல், முஹம்மது யூசுஃப் என்று பரக்கத்துக்காக முன்னால் ஒரு முஹம்மதைச் சேர்த்து வைத்துவிட்டு, வீட்டில் இஸ்மாயீலே, யூசுஃபே என்றுதான் கூப்பிடுகிறோம். அங்கேயுள்ள அலுவலகத்தில் முதற்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். “முஹம்மது!” என்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு மேசைகளிலிருந்து நான்கு தலைகள் திரும்பும்.

இன்னொரு நிகழ்ச்சியை இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் தமது முஸ்னதில் பதிவு செய்திருக்கிறார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் சகோதரர் ஜைது (ரலி) அவர்களின் குடும்பத்தில் முஹம்மது என்று ஒருவர் இருந்தார். யாரோ ஒருவன் அவரைப் பெயர் சொல்லித் திட்டுவதை உமர் (ரலி) அவர்கள் கேட்டுவிட்டார்கள். உள்ளம் துடித்தது. அவரை அருகே அழைத்து, உம் வழியாக அந்தப் பெயர் ஏசப்படுவதை நான் பொறுக்கமாட்டேன் என்று கூறி, அப்துர் ரஹ்மான் என்று பெயரை மாற்றினார்கள். அத்துடன் நில்லாமல், தல்ஹா (ரலி) அவர்களின் மக்களுடைய பெயர்களையும் மாற்ற எண்ணி ஆளனுப்பினார்கள். அவர்களில் மூத்தவர் பெயரும் முஹம்மது. அவர் வந்து, எனக்கு இப்பெயரைச் சூட்டியவர்களே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் என்றார். உமர் (ரலி) அவர்கள் அடங்கிவிட்டார்கள். நாயகம் வைத்த பெயரை மாற்ற எனக்கு வழியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை பயானில் கேட்டிருப்போம். ஆனால் அதில் யார் கண்டிக்கப்பட வேண்டியவர் என்பதை உற்று நோக்க வேண்டும். பெயரைத் தாங்கியவர் குற்றவாளி அல்லர். பெயரைச் சொல்லி ஏசியவனுடைய நாவே குற்றவாளி. “இந்தப் பேரை வச்சுக்கிட்டு…” என்று நாம் பெருமூச்சு விடும்போது, திருடியவனின் செயலை விட்டுவிட்டுப் பெயரைச் சந்திக்கு இழுக்கிறோம். வீட்டில் பிள்ளையைக் கண்டிக்கும் தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும். முஹம்மது என்று பெயரிட்டுவிட்டு, அதே பெயரோடு சேர்த்து வசைச்சொற்களை அடுக்குவது எந்த வகையிலும் அதபு ஆகாது.

இதற்கு நேர்மாறான மயக்கமும் ஒன்றுண்டு. முஹம்மது, அஹ்மது என்று பெயருள்ளவர் நரகம் புகமாட்டார் என்ற கருத்தில் சில ரிவாயத்துகள் மக்களிடையே உலவுகின்றன. அவை இட்டுக்கட்டப்பட்டவை என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) முதலான ஹதீஸ்கலை வல்லுநர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். பெயர் ஒருவனை ஈடேற்றிவிடாது என்றால், பெயர் ஒருவனைக் குற்றவாளியாக்கவும் முடியாது. இரண்டுக்கும் நீதி ஒன்றுதான்.

இனி அந்தக் கலைக்கு வருவோம். ஹதீஸ்கலையில் ‘முத்தஃபிக் வல் முஃப்தரிக்’ என்று ஒரு பிரிவு உண்டு. பெயரால் ஒன்றுபட்டு ஆளால் வேறுபட்டவர்களைப் பிரித்தறிவது என்று பொருள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கத்தீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் இதற்கெனவே அந்தப் பெயரில் ஒரு நூலை இயற்றினார்கள். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களும் தமது முகத்திமாவில் இதைத் தனிப் பிரிவாக வைத்து உதாரணங்களை அடுக்கியுள்ளார்கள். அஹ்மத் மகன் கலீல் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை எண்ணிக் காட்டுகிறார்கள். ஹம்தான் மகன் ஜஃபர் மகன் அஹ்மத் என்ற பெயரில் நால்வர். பாட்டனார் பெயர் வரை ஒன்று. காலமும் ஏறத்தாழ ஒன்று. நால்வரும் ரிவாயத்துச் செய்வதோ அப்துல்லாஹ் என்ற பெயருள்ள ஒரு உஸ்தாதிடமிருந்து! அந்த அப்துல்லாஹ்க்களும் வெவ்வேறு ஆட்கள். ஓதும் மாணவர்களுக்குத் தலை சுற்றும் இடம் இது.

நம் தலைப்புக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று அதிலேயே இருக்கிறது. பஸராவில் முஹம்மது இப்னு அப்துல்லாஹ் அல்அன்ஸாரி என்று இருவர் இருந்தார்கள். தலைமுறையும் நெருங்கியதே. ஒருவர் பஸராவின் காழியாக இருந்தவர். அனஸ் (ரலி) அவர்களின் வழித்தோன்றல். இமாம் புகாரியின் உஸ்தாதுகளில் ஒருவர். மற்றவர் அபூஸலமா என்ற குன்யத்துடையவர், ஹதீஸில் பலவீனமானவர். தம் பெயர், தந்தை பெயர், ஊர், வமிசப் பெயர் நான்கும் ஒன்று. பாட்டனார் பெயரில்தான் பிரிகிறார்கள்: முன்னவரின் பாட்டனார் முஸன்னா, பின்னவரின் பாட்டனார் ஜியாது. அந்த ஒரு பெயர் வேறுபாட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பலவீனமானவரின் குற்றம் நேர்மையான காழியின் தலையில் விழும்; அல்லது காழியின் நம்பகம் மற்றவருக்குப் போய்ச் சேரும். இரண்டும் அநியாயம். ஆகவேதான் அந்த மேதைகள் பாட்டனார் வரை விடாமல் விசாரித்தார்கள்.

வெறும் ‘அப்துல்லாஹ்’ என்று மட்டும் சொன்னால் யாரைக் குறிக்கும் என்பதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள். மக்காவில் சொன்னால் இப்னு ஜுபைர். மதீனாவில் சொன்னால் இப்னு உமர். கூஃபாவில் இப்னு மஸ்ஊத். பஸராவில் இப்னு அப்பாஸ் (ரலி அன்ஹும்). குராஸானில் சொன்னால் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்). சொல்பவர் எந்த ஊரார் என்று பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

கத்தீபுல் பக்தாதி அவர்கள் தமது பக்தாது வரலாற்றில் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. மிஸ்ரு நாட்டுக்குக் கல்வி தேடிப் போன நான்கு அறிஞர்கள் ஓரிடத்தில் தங்கியிருந்தார்கள். முஹம்மது இப்னு ஜரீர் தபரி, முஹம்மது இப்னு இஸ்ஹாக் இப்னு குஸைமா, முஹம்மது இப்னு நஸ்ர் மர்வஸி, முஹம்மது இப்னு ஹாரூன் ரூயானி, நால்வரும் முஹம்மதுகள்! கையிருப்பு தீர்ந்து பசி வாட்டியது. சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் வெளியே போய் உணவு கேட்டு வருவதென்று முடிவாயிற்று. சீட்டு இப்னு குஸைமாவுக்கு விழுந்தது. போகுமுன் ஒளுச் செய்து தொழுதுகொள்கிறேன் என்று அவர் தக்பீர் கட்டினார். அவர் தொழுகையில் இருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. வந்தவர் அமீரின் பணியாள். கையில் பணப் பைகள். அவர் “முஹம்மது யார்?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நால்வரும் கை நீட்டியிருக்க வேண்டியதுதான். உங்களில் முஹம்மது இப்னு நஸ்ர் யார் என்று கேட்டு 50 தீனார் உள்ள ஒரு பையைக் கொடுத்தார். முஹம்மது இப்னு ஜரீர் யார் என்று கேட்டு ஒரு பை. இப்படியே நால்வருக்கும் தந்தை பெயரோடு அழைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். முஹம்மதுகள் பசித்திருக்கிறார்கள் என்று அமீருக்குக் கனவில் உணர்த்தப்பட்டதாம். கொடைக்கு வந்தவர்கூட ஆளைச் சரிபார்த்துத்தான் கொடுத்தார் என்பது இங்கே நம் பாடம்.

இப்போது நம் காலத்துச் செய்திக்கு வருவோம்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரில் விமானங்களைக் கட்டடங்களில் மோதி ஏறத்தாழ மூவாயிரம் உயிர்களைப் பறித்த கொடுஞ்செயலின் தலைவனாக முஹம்மது அத்தா என்ற பெயர் உலகெங்கும் செய்தியானது. அதே நாளில், அதே இடத்தில், இன்னொரு முஹம்மது இருந்தார். முஹம்மது சல்மான் ஹம்தானி என்ற 23 வயது இளைஞர். கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். முதலுதவிப் பணியில் பயிற்சி பெற்றவர். காவல்துறையில் பயிற்சிக் காவலராகவும் இருந்தவர். அன்று காலை வேலைக்குப் புறப்பட்டவர் வீடு திரும்பவில்லை. அவர் முஸ்லிம், காணாமற்போனவர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமாயிற்று. காணாமற்போனாரா, ஒளிந்திருக்கிறாரா என்று கேட்கும் தலைப்போடு ஒரு பத்திரிகை செய்தி வெளியிட்டது. மகனைத் தேடி அலைந்த தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2002 மார்ச்சில்தான் அவருடைய உடலின் எச்சங்கள் அந்த இடிபாடுகளில் கிடைத்தவற்றில் அடையாளம் காணப்பட்ட செய்தி குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. பிறரைக் காப்பாற்ற ஓடியவர் அவர் என்பது உறுதியாயிற்று. அவர் ஜனாஸாவுக்கு நகரத்தின் மேயரே வந்தார். 2014இல் அவர் வாழ்ந்த பகுதியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கொன்றவனுக்கும் காக்கப் போனவருக்கும் முதற்பெயர் ஒன்றே.

பெயர் முழுவதும் பொருந்திப் போனால் துன்பம் இன்னும் பெரிது. ஜெர்மானியக் குடிமகனான காலித் அல்மஸ்ரி என்பவர் 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய எல்லையில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். தேடப்பட்டு வந்த வேறொரு காலித் அல்மஸ்ரி இவர்தான் என்று எண்ணிவிட்டார்கள். 23 நாட்கள் ஒரு விடுதியில் அடைத்து வைத்து, பிறகு அமெரிக்க உளவுத்துறையிடம் ஒப்படைத்தார்கள். கண்ணைக் கட்டி ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய்ச் சிறையிட்டார்கள். ஆள் மாறிவிட்டதென்று தெரிந்த பிறகு, 2004 மே மாதம் அல்பேனியாவில் ஒரு மலைப்பாதையில் இறக்கிவிட்டுப் போனார்கள். 2012 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மாசிடோனிய அரசு குற்றமிழைத்தது என்று தீர்ப்பளித்து, 60,000 யூரோ இழப்பீடு விதித்தது. பாட்டனார் பெயர் வரை விசாரித்த நம் முஹத்திஸ்களின் பொறுமையில் நூறில் ஒரு பங்கு அந்த எல்லையில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

பிறர் செய்வதைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலும், ஏன், நன்னிமார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நம் ஊர் முஹம்மது ஒருவர் மோசடியில் பிடிபட்டார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. எந்த முஹம்மது? யார் மகன்? எந்தத் தெரு? எந்த ஆண்டுச் செய்தி? ஒன்றும் கேட்பதில்லை. ஒரே விநாடியில் அது நாற்பது வீடுகளுக்குப் போய்விடுகிறது. அதே பெயருள்ள வேறொருவரின் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனால் பொறுப்பாளி யார்? திருமறையின் 49ஆவது அத்தியாயமான ஹுஜுராத் சூராவின் 6ஆவது ஆயத்தில், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்குமாறும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்றும் அல்லாஹுத்தஆலா முஃமின்களை எச்சரிக்கிறான். அங்கே செய்தி என்பதற்கு வந்துள்ள சொல் ‘நபஉ’ என்பது. செய்தித்தாளுக்கும் கைப்பேசிக்கும் இந்த ஆயத் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

விசாரித்து உண்மை என்றே தெரிந்தாலும், அதைப் பரப்பத்தான் வேண்டுமா என்ற இன்னொரு கேள்வி மீதியிருக்கிறது. உண்மையைச் சொன்னாலும் புறம் புறம்தான். ஏமாறப் போகிறவரைக் காப்பதற்காக, தேவையுள்ளவரிடம், ஆளைத் தெளிவாகக் குறிப்பிட்டுச் சொல்வது வேறு. பொய்யென்று பின்னர் தெரிந்தால், யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்களுக்கெல்லாம் மறுப்பையும் அனுப்புவது நம்மீது கடமை. பெயர் கெட்டவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். அடியானின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்துக்கு வெறும் தௌபா மட்டும் போதாது என்பது நாம் அறிந்த மஸ்அலாதானே.

கிரிக்கெட் ஆட்டத்திலும் இதைக் கண்டோம். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொருவர் ஆடித் தோற்ற ஆட்டத்துக்கு முஹம்மது ஷமி ஒருவரைப் பிடித்து வசைபாடினார்கள். இரண்டாண்டு கழித்து, 2023 உலகக் கோப்பையில் அதே ஷமி ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்து அனைவரையும் முந்தினார். அன்று வசைபாடிய வாய்களில் எத்தனை அப்போது புகழ்ந்தன என்று கணக்கெடுக்க நமக்கு நேரமில்லை. வசைக்கும் புகழுக்கும் இடையே அந்த மனிதர் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

இனி பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். நாயகம் (ஸல்) அவர்களைக் குறித்துப் பெயர் சொல்லப்பட்டால் ஸலவாத்து ஓத வேண்டும். அதே பெயருள்ள வேறொருவரைக் குறித்தால் ஸலவாத்து இல்லை. ஏனெனில் ஸலவாத்து எழுத்துக்கோ ஓசைக்கோ உரியதன்று, குறிக்கப்பட்டவருக்கு உரியது. ஆயினும் அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளத்தில் நாயகத்தின் நினைவு வந்து ஒருவர் ஸலவாத்து ஓதிவிட்டால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. நினைவுக்கு வந்தவர்கள் நாயகமல்லவா!

எழுத்தில் உள்ள பெயரைப் பற்றியும் நம் ஃபிக்ஹ் நூல்களில் பேச்சுண்டு. முஹம்மது என்று பொறித்த மோதிரத்தை அணிந்துகொண்டு மலசலம் கழிக்கப் போகலாமா என்ற மஸ்அலாவில், நாயகம் (ஸல்) அவர்களைக் கருதிப் பொறித்திருந்தால் மக்ரூஹ் என்றும், அணிந்திருப்பவரின் சொந்தப் பெயராகவோ வேறொருவரின் பெயராகவோ இருந்தால் மக்ரூஹ் இல்லையென்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பாருங்கள், இங்கும் அதே முத்தஃபிக் வல் முஃப்தரிக்! இதை வைத்துப் பார்த்தால், விளையாட்டுப் பக்கத்தில் அச்சான முஹம்மதுக்காகச் செய்தித்தாளை எல்லாம் பத்திரப்படுத்த வேண்டிய கடமை நமக்கு இல்லை.

ஆனாலும் அதபு என்பது கடமையின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியை எல்லாரும் அறிவர். முகத்தில் அடிப்பது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதாதலால் அந்த விளையாட்டை நாம் மெச்சவில்லை. 1964இல் அவருக்கு அப்பெயர் சூட்டிய இயக்கத்தின் கொள்கையும் நம் அகீதாவுக்கு மாறானது. 1975க்குப் பின்னரே அவர் அஹ்லுஸ் ஸுன்னத்தின் வழிக்கு வந்தார். பெயர் மாற்றிய பின்னும் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அவரைப் பழைய பெயராலேயே எழுதின. 1967இல் ஹூஸ்டன் நகரப் போட்டியில் எதிராளி அவரைப் பழைய பெயரால் அழைத்ததற்காக, ‘என் பெயர் என்ன?’ என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அதையும் நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. ஹாலிவுட்டில் புகழ்பெற்றோரின் பெயரை நட்சத்திர வடிவில் நடைபாதையில் பதிக்கும் வழக்கமுண்டு. 2002இல் அவருக்கும் அந்தச் சிறப்பு வந்தது. நாயகத்தின் பெயரைத் தாங்கிய கல்லின் மீது மக்கள் கால் வைத்து நடப்பதற்கு அவர் இணங்கவில்லை. அங்குள்ள நட்சத்திரங்கள் யாவும் தரையில் கிடக்க, அவருடையது மட்டும் ஓர் அரங்கத்தின் சுவரில் பதிக்கப்பட்டது. அங்கே பொறித்தது அவருடைய சொந்தப் பெயர்தான். நம் மஸ்அலாப்படி அதில் குற்றமில்லை. இருந்தும் அவர் மனம் ஒப்பவில்லை.

ஆகையால் பழைய தாள்களைக் கடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். குர்ஆன் ஆயத்துகளோ, அல்லாஹ்வின் திருநாமமோ, நாயகம் (ஸல்) அவர்களைக் குறித்த பெயரோ உள்ள பக்கங்களைத் தனியே எடுத்துவிடுங்கள். அவற்றைச் சோறு வைக்கும் விரிப்பாகவோ மீன் பொதியும் தாளாகவோ ஆக்கக்கூடாது. கால் படாத இடத்தில் புதைக்கலாம். எரித்துச் சாம்பலை ஓடும் நீரில் விடலாம். ரபீஉல் அவ்வலிலும் ரமளானிலும் வரும் சிறப்புப் பக்கங்களில்தான் இவை மிகுதியாக இருக்கும். அந்த இரு மாதத் தாள்களை மட்டுமேனும் சேர்த்து வைத்துப் பார்ப்பது வீட்டுப் பெண்களுக்குப் பெரிய வேலையாகாது.